கோட்டையடியிலிருந்து வண்ணார்பண்ணைக்கு

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி கோட்டையடியில் இருக்கிறது. அங்கிருந்து காங்கேசன்துறை வீதியைப் பிடித்து வடக்கே மிதித்தால் வண்ணைச் சிவன் கோயில் வரும். இன்னும் கொஞ்சத் தூரத்தில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. சைக்கிளில் கால்மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்ற ஒன்று இந்த வழியைக் கடந்துவர 74 ஆண்டுகள் பிடித்தன. 1816 இல் வெஸ்லியன் பாதிரிமார் கோட்டையடியில் தொடங்கியது, 1890 இல் வண்ணார்பண்ணையில் சைவர்களின் கையில் நிலைகொண்டது.

இந்துக் கல்லூரியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த 1890 ஐ ஒட்டித்தான் தொடங்குவார்கள். அப்படித் தொடங்கினால், பாதிரிமாரை எதிர்த்துச் சைவர் எழுப்பிய கோட்டை என்ற ஒற்றைச் சித்திரமே மிஞ்சும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் யாரென்று ஒவ்வொருவராகப் பார்த்தால், அநேகமாக எல்லோரும் பாதிரிமாரின் வாங்கில் இருந்து படித்தவர்கள். எதிர்ப்பும் கடனும் ஒரே கையில் இருந்தன. கோட்டையடியிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும்.

1814 இல் இலங்கைக்கு வந்த முதல் வெஸ்லியன் குழுவில் ஒருவர் ஜேம்ஸ் லிஞ்ச். குழுவைக் கூட்டிவந்த தோமஸ் கோக் வழியிலேயே கப்பலில் இறந்துபோனார். மற்றவர்கள் காலியில் இறங்கி இடங்களைப் பிரித்துக்கொண்டபோது லிஞ்சுக்கு யாழ்ப்பாணம் வந்தது. 1816 இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிக்கூடமே மத்திய கல்லூரியின் விதை. அதே ஆண்டில் அமெரிக்க மிஷன் தெல்லிப்பழையில் வந்திறங்கியது. 1823 இல் வட்டுக்கோட்டையில் தன் செமினறியைத் திறந்தது. அதே 1823 இல் சேர்ச் மிஷன் நல்லூரில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியே பிற்காலத்துப் பரியோவான் கல்லூரி. ஒரு சிறு குடாநாட்டுக்குள் மூன்று மிஷன்கள் போட்டி போட்டுப் பள்ளிக்கூடம் வைத்ததற்கு ஒப்பாக அக்காலத்து ஆசியாவில் அதிகம் இடங்கள் இருந்திருக்கமாட்டா.

அதற்கு முன் இங்கே படிப்பு இல்லாமல் இருந்ததென்று பொருளில்லை. திண்ணையில் மணலும் ஏடுமாக நிகண்டும் நீதிநூலும் எண்சுவடியும் படித்தார்கள். மிஷன் கொண்டுவந்தது வேறொரு ஒழுங்கு: வயதுக்கும் அறிவுக்கும் ஏற்ப வகுப்புகள், மணியடித்து மாறும் பாடங்கள், அச்சில் வந்த புத்தகம், ஆண்டு முடிவில் பரீட்சை. ஆங்கிலத்தைக் காட்டிலும் இந்த ஒழுங்குதான் யாழ்ப்பாணத்தை ஆழமாக மாற்றியது என்பது என் எண்ணம்.

1834 இல் அந்தக் கோட்டையடிப் பள்ளிக்கூடத்தைப் பீற்றர் பேர்சிவல் திருத்தி மத்திய பாடசாலை ஆக்கினார். கண்டிப்பானவர், தமிழில் ஆழ்ந்தவர். அவரிடம் நல்லூர்ச் சைவ வேளாளப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். கந்தரின் மகன் ஆறுமுகம், பிற்காலத்து ஆறுமுக நாவலர். 1822 இல் பிறந்தவன். படித்து முடித்ததும் பேர்சிவல் அவனை அங்கேயே ஆசிரியராக வைத்துக்கொண்டார். விவிலியத்தைத் தமிழாக்கும் வேலையிலும் துணைக்கு அழைத்தார். காதில் குண்டலமும் நெற்றியில் திருநீறுமாக ஒரு சைவ இளைஞர் மிஷன் வளவுக்குள் இருந்து கிறிஸ்தவ வேதத்தின் தமிழைச் செப்பம் செய்துகொண்டிருந்தார். அந்த மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சில் வந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரு நூலை வரிவரியாகத் தமிழில் நிறுத்திப் பார்க்கும் வேலை, அதைச் செய்பவருக்கும் ஏதோ ஒன்றைக் கற்றுக்கொடுக்காமல் விடாது. நாவலர் பிற்காலத்தில் எழுதிய தெளிந்த உரைநடையும், அவருடைய பிரசங்கத்தின் வடிவமும், எதிராளியின் நூலையே எடுத்துவைத்து வாதாடும் முறையும் அந்த அறையில்தான் கூர்மை பெற்றன.

1847 டிசெம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகம் தம் முதற் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். கோயிலில் புராணம் படித்துப் பயன் சொல்வது பழைய வழக்கம். பொருளொன்றை எடுத்துக்கொண்டு சபையை நேர்நோக்கிப் பேசுவது பாதிரிமாரின் வழக்கம். வண்ணார்பண்ணை அன்று கேட்டது இந்த இரண்டாவது வகை. அடுத்த ஆண்டே வேலையை விட்டார். சம்பளத்தைக் கூட்டித் தருவதாகப் பேர்சிவல் தடுத்துப் பார்த்தார் என்றே நாவலர் சரித்திரக்காரர் சொல்வார்கள். ஆறுமுகம் நிற்கவில்லை. 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை திறந்தது. 1849 இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்தார்; அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டத்தைக் கொடுத்தது. பிறகு பாலபாடங்கள் வரிசையாக வெளிவந்தன. வகுப்புக்கு வகுப்பு படிப்படியாக ஏறும் வாசகப் புத்தகம் என்ற மிஷன் பள்ளியின் கருவி, திருநீறு பூசிக்கொண்டு சைவப் பிள்ளைகளின் கைக்கு வந்தது.

ஆனால் நாவலரின் பள்ளிக்கூடம் தமிழ்ப் பள்ளிக்கூடம். கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் உத்தியோகம் வேண்டுமென்றால் ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் வேண்டுமென்றால் பாதிரியாரின் படியேற வேண்டும். எத்தனையோ வீடுகளில் இதே கணக்கு: பகலில் பிள்ளை ஞானஸ்நானத்தின் விளிம்பில், மாலையில் கோயிலில். இதை அறுக்கத்தான் 1872 இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். போதிய பணம் சேரவில்லை. சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது. 1879 இல் அவர் மறைந்தபோது யாழ்ப்பாணச் சைவர்களுக்கென்று ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் நிலைபெறவில்லை. அவருடைய வெற்றிகளைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. இந்தத் தோல்வியைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதவேண்டும். ஏனென்றால் இந்துக் கல்லூரி அந்தத் தோல்வியிலிருந்துதான் புறப்படுகிறது.

அடுத்ததாக அந்த வேலையைத் தூக்கியவர் வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினறியின் பிள்ளைகளுக்கு அமெரிக்காவிலிருந்து படிப்புச் செலவு அனுப்பிய கொடையாளிகளின் பெயர்களைச் சூட்டுவது அங்கே வழக்கம். தமிழ்ப் பெயருக்கு முன் இப்படியொரு பெயரைச் சுமந்தவர்கள் அந்தத் தலைமுறையில் பலர். செமினறியில் கணிதமும் வானியலும் தருக்கமும் உயர்ந்த தரத்தில் கற்பித்தார்கள். மதம் மாறியவர்களை இந்தப் படிப்புப் போதிய அளவில் உண்டாக்கவில்லை என்று மிஷனின் மேலிடம் கருதியபோது, 1855 இல் அது மூடப்பட்டது. மூடிய பின்னும் அதன் மாணவர்கள் இருந்தார்கள். சிதம்பரப்பிள்ளை அவர்களில் முதல் வரிசை: தமிழில் நியாய இலக்கணம் என்ற தருக்க நூலை எழுதியவர், வாழ்நாளெல்லாம் ஆசிரியர். 1886 இல் யாழ்ப்பாண நகரில் நேற்றிவ் ரவுண் ஹைஸ்கூல் என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தத் தொடங்கினார்.

1888 இல் சைவ பரிபாலன சபை உருவானது. அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் இந்துசாதனம் பத்திரிகை பிறந்தது; ஆங்கிலத்தில் இந்து ஓர்கன். அப்புக்காத்து நாகலிங்கம், பிறக்கிறாசி காசிப்பிள்ளை, திருவிதாங்கூரில் பிரதம நீதியரசராக இருந்து ஓய்வுபெற்ற செல்லப்பாபிள்ளை முதலியோர் சபையின் முன்னணியில் நின்றார்கள். நாவலரிடம் இல்லாத ஒன்று இவர்களிடம் இருந்தது: ஆங்கிலத்தில் மனு எழுதவும், சட்டம் பேசவும், பணம் திரட்டவும் பழகிய ஒரு வர்க்கம். சிதம்பரப்பிள்ளையின் பள்ளிக்கூடம் 1889 இல் நாகலிங்கத்தின் பொறுப்புக்கு வந்து, கொஞ்சக் காலம் அவர் பெயரால் வழங்கியது. 1890 இல் சபை அதை ஏற்று வண்ணார்பண்ணையில் இந்து உயர்தரப் பாடசாலை ஆக்கியது. 1895 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி என்ற பெயர் வந்தது. பத்தாண்டுக்குள் நான்கு பெயர்.

பெயர் வந்து ஈராண்டு முடிவதற்குள், 1897 சனவரி 24 ஞாயிறு மாலை, சிக்காகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தார். கொழும்பில் இறங்கி, கண்டி, மாத்தளை, அநுராதபுரம் வழியாக மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் வந்தவர். தீப்பந்த ஊர்வலம் வீதி நெடுகிலும் நகர்ந்து இந்துக் கல்லூரியில் முடிந்தது. அங்கே பந்தல் போட்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். செல்லப்பாபிள்ளையும் வரவேற்பில் நின்றார். மறுநாள் மாலை அதே வளவில் வேதாந்தத்தைப் பற்றி விவேகானந்தர் நெடுநேரம் பேசினார். பேசியது ஆங்கிலத்தில். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே வண்ணார்பண்ணையில் நாவலர் சைவத்தைத் தமிழில் பிரசங்கித்தார். இப்போது ஒரு வங்காளித் துறவி வேதாந்தத்தை ஆங்கிலத்தில் சொல்ல, அதைக் கேட்டு விளங்கும் சைவச் சபை ஒன்று அங்கே இருந்தது. அந்தச் சபையை உண்டாக்கியவை மிஷன் பள்ளிக்கூடங்கள். அது கூடியிருந்த இடம் அவற்றுக்கு மாற்றாக எழுந்த பள்ளிக்கூடம்.

பிறகு கல்லூரி வேகமாகப் பரவியது. வட்டுக்கோட்டை, காரைநகர், உரும்பிராய், சாவகச்சேரி ஊர்களின் இந்துப் பாடசாலைகள் அதன் பணிப்பாளர் சபையின் கீழ் வந்தன. 1943 இல் பெண்களுக்கென்று இந்து மகளிர் கல்லூரி தனியே தொடங்கியது. வேம்படியும் உடுவிலும் நூறாண்டுக்கு முன்னரே செய்ததற்குச் சைவர்கள் வந்துசேர இத்தனை காலம் எடுத்ததை ஒரு குறையாகத்தான் சொல்லவேண்டும். கட்டடங்களும் பெருகின. இன்று வளவுக்குள் நடந்தால் அதிபர்களின் பெயர்களிலேயே வழி சொல்கிறார்கள். குமாரசுவாமி மண்டபம், 1933 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டு அதிபராக இருந்தவரின் பெயரால் வழங்குவது. சபாலிங்கம் அரங்கு பிறகு வந்தவருடையது. உள்ளேயே வைரவர் கோயில். பரீட்சை நாளில் அந்தக் கோயில் வாசலில் செருப்புகள் நிறைந்திருக்கும்.

யார் உள்ளே வந்தார்கள் என்பதோடு யார் வெளியே நின்றார்கள் என்பதும் இந்தக் கதையில் உண்டு. நாவலர் சாதியமைப்பைக் கேள்வி கேட்டவரல்லர். சைவப் பள்ளிக்கூடம் என்று அவர் மனதில் இருந்தது உயர்சாதிச் சைவப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். 1920களின் இறுதியில் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டுமென்ற நிலை வந்தபோது குடாநாட்டில் கொதிப்பு எழுந்தது. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளைச் சேர்த்த பள்ளிக்கூடங்கள் சில எரிக்கப்பட்டன. மிஷன் பள்ளிகளும் இதில் தூய்மையானவை அல்ல; தொடக்க காலத்தில் அவையும் சாதிக்கு வளைந்து கொடுத்தன. பாதிரியாரிடமிருந்து பள்ளிக்கூடத்தை மீட்டவர்கள், அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட மறுத்தார்கள். யாழ்ப்பாணக் கல்வியின் பெருமையைப் பேசும்போது இதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நமக்கே நாம் செய்யும் அநீதி.

அந்தச் சுவரில் உள்ளேயிருந்தும் அடி விழுந்தது. மலாயாவில் பிறந்த மு. கார்த்திகேசன் இந்துக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். வடக்கில் கம்யூனிஸ்ட் கட்சியைக் கட்டியவர்களில் ஒருவர். யாழ்ப்பாண மாநகரசபை உறுப்பினராகவும் இருந்தார். வகுப்பில் சேக்ஸ்பியர், வகுப்புக்கு வெளியே சாதியொழிப்பு. அவரிடம் படித்த க. கைலாசபதி தமிழ் விமரிசனத்தின் திசையையே மாற்றியவர். 1921 இல் பொன்னம்பலம் இராமநாதன் திருநெல்வேலியில் தொடங்கிய பரமேசுவராக் கல்லூரி, 1974 இல் பல்கலைக்கழக வளாகம் ஆயிற்று. அந்த வளாகத்தின் முதல் தலைவராக வந்தவர் கைலாசபதி. வண்ணார்பண்ணைச் சைவப் பள்ளிக்கூடத்தில் படித்த மார்க்சியர் ஒருவர், திருநெல்வேலிச் சைவப் பள்ளிக்கூடத்தின் கட்டடங்களில் பல்கலைக்கழகத்தை நிறுவினார்.

இதற்கிடையில் பள்ளிக்கூடம் இன்னொரு தடவை கைமாறியிருந்தது. 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. 1960 இன் உதவிபெறும் பாடசாலைகள் சட்டத்தையும் அடுத்த ஆண்டின் சட்டத்தையும் தொடர்ந்து, மத்திய கல்லூரியும் ஹாட்லியும் வேம்படியும் இந்துக் கல்லூரியும் அரசாங்கப் பாடசாலைகள் ஆயின. பரியோவானும் பத்திரிசியாரும் யாழ்ப்பாணக் கல்லூரியும் தனியாக நின்றன. கோட்டையடிப் பள்ளியும் வண்ணார்பண்ணைப் பள்ளியும் நீண்ட கால வாதத்துக்குப் பிறகு ஒரே திணைக்களத்தின் கீழ் வந்தது அப்படித்தான். நன்கொடைப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போய்க் கட்டிய கல்லூரியை ஒப்படைக்கச் சைவப் பெரியவர்களுக்கு மனம் வரவில்லை. கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைக்கு அதனால் கதவு திறந்தது என்பதையும் அதனோடு சேர்த்துத்தான் எடைபோடவேண்டும்.

அரசு கையேற்றுப் பத்தாண்டு ஆவதற்குள் அதே அரசின் அளவுகோல் மாறியது. 1970க்கான பல்கலைக்கழக அனுமதியில் பேராதனைப் பொறியியற்பீடத்தில் தமிழ்மொழி மாணவருக்கு 250, சிங்களமொழி மாணவருக்கு 227 என்று இருவேறு வெட்டுப்புள்ளி வைத்தார்கள். தமிழ் மாணவருக்கு அதிகம். பிறகு தரப்படுத்தல், மாவட்ட ஒதுக்கீடு. கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் நம்பி வாழ்க்கையைக் கட்டிய ஒரு சமூகத்துக்கு இது எப்படி விழுந்திருக்கும் என்பதை அந்தக் கல்லூரிகளின் உயர்தர வகுப்பறைகளில் இருந்தவர்களிடம் கேட்கவேண்டும். அந்த வகுப்புகளிலிருந்து பலர் வெளிநாடு போனார்கள். பலர் இயக்கங்களுக்குப் போனார்கள்.

1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் நகருக்குள் முன்னேறியபோது கோயில்களும் பள்ளிக்கூடங்களும் அகதி முகாம்களாயின. இந்துக் கல்லூரியும் அவற்றில் ஒன்று. 1990 இல் கோட்டையைச் சுற்றி முற்றுகை நடந்தபோது அதன் பக்கத்திலிருந்த மத்திய கல்லூரி சிதைந்தது. அந்த ஆண்டு நின்ற மின்சாரம் பல ஆண்டுகள் வரவில்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை, கடுதாசிக்குத் தடை; உதயன் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு திரி. பள்ளிக்கூட வளவில் பங்கர் வெட்டியிருந்தது. பொம்பர் இரைந்தால் உள்ளே, போனால் வெளியே, விட்ட இடத்திலிருந்து பாடம். ஆசிரியர்களுக்குக் கொழும்பிலிருந்து சம்பளம் வந்தது, வினாத்தாளும் வந்தது. உயர்தரப் பரீட்சை நடந்தது. 1995 செப்ரெம்பர் 22 இல் வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் குண்டு விழுந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். அதற்கு ஒன்றரை மாதம் கூட ஆகவில்லை, ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தில் நெருங்கியது. இலட்சக்கணக்கான சனம், மழை, இருட்டு. பள்ளிக்கூடமும் அந்தச் சனத்தோடுதான் போனது. கட்டடம் வண்ணார்பண்ணையில் நின்றது. அதிபரும் ஆசிரியரும் பிள்ளையும் தென்மராட்சியில் இருந்தார்கள். அங்கே கிடைத்த கொட்டிலிலும் மரநிழலிலும் வகுப்புகள் நடந்தன. கல்லூரி ஒரு காலத்தில் கிளையாக அணைத்த சாவகச்சேரிப் பக்கந்தான் அன்று அதன் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தது. 1996 ஏப்ரலில் சனம் திரும்பத் தொடங்கியபோது வெறுமையாய்க் கிடந்த வகுப்பறைகளைக் கூட்டி, உடைந்த தளபாடத்தைப் பொறுக்கிச் சேர்த்து, மறுபடி மணி அடித்தார்கள்.

இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. அவர்கள் அனுப்பும் பணத்தில் கட்டடம் திருந்துகிறது, புலமைப்பரிசில் நிதி நடக்கிறது. கொக்குவில் இந்துவுடன் நடக்கும் கிரிக்கெட் போட்டிக்கு இந்துக்களின் சமர் என்று பெயர். அதன் ஓட்ட எண்ணிக்கையை வெளிநாட்டில் இரவு விழித்திருந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாசத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கல்லூரியின் இன்றைய வாசல் வேறிடத்தில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளிதான் அந்த வாசல்.

மதமும் சாதியும் கட்டணமும் காவல் நின்ற இடத்தில் இப்போது பத்து வயதுப் பிள்ளையின் புள்ளி நிற்கிறது. அதற்காக மூன்றாம் வகுப்பிலேயே ரியூசன் தொடங்குகிறது. தீவுப்பகுதியிலும் வலிகாமத்தின் உட்கிராமங்களிலும் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். கெட்டிக்காரர் நகரத்துக்கு வந்துவிடுகிறார்கள், அவர்களோடு நல்ல ஆசிரியரும் வந்துவிடுகிறார். காரைநகரிலும் உரும்பிராயிலும் இருந்த பள்ளிகளைத் தன் கிளைகள் என்று ஒரு காலத்தில் தாங்கிய கல்லூரி, இப்போது அந்த ஊர்களிலிருந்து பிள்ளைகளை எடுக்கும் கல்லூரியாக இருக்கிறது. வெளிநாட்டுச் சங்கங்களின் பணத்தில் ஒரு பங்கு அந்தப் பழைய கிளைகளுக்கும் போகவேண்டும்: ஒரு விஞ்ஞானகூடம், ஒரு கணித ஆசிரியர், காரைநகரிலிருந்து நகரத்துக்குப் பிள்ளை பஸ் ஏறத் தேவையில்லாத ஓர் உயர்தர வகுப்பு. கல்லூரியின் அன்றைய பணிப்பாளர் சபை அதைத்தான் ஊர் ஊராகச் செய்யப் பார்த்தது. அந்த வேலை பாதியில் நிற்கிறது.